நின்றுபோன எஞ்சினைத் திறந்து பார்த்தவர்

குட்டீஸ், ராஜபாளையம் கடைத்தெருவில் மாலை நேரம். திடீரென்று கரண்ட் போய்விட்டது. ஒரு கடை வாசலில் இருக்கும் ஜெனரேட்டரின் கயிற்றைக் கடைக்காரர் பிடித்து இழுக்கிறார். டர்ர்... டர்ர்... அவ்வளவுதான், நின்றுவிடுகிறது. மறுபடி இழுக்கிறார். மறுபடியும் டர்ர். போதாதக்குறைக்குப் பெட்ரோல் வாடை வேறு மூக்கைத் துளைக்கிறது. கடைசியில் மெக்கானிக் அண்ணன் வருகிறார். வந்ததும் கயிற்றைத் தொடவே இல்லை. முதலில் குனிந்து, எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கிறார்.

நீங்களும் இப்படி வேடிக்கை பார்த்திருப்பீர்கள். நூறு வருஷத்துக்கும் முன்னால், கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பையனும் நின்றுபோன எஞ்சின் ஒன்றை இப்படித்தான் வேடிக்கை பார்த்தான். அன்றிலிருந்து அவன் வாழ்க்கையே வேறு பாதையில் போய்விட்டது. அவர்தான் ஜி.டி. நாயுடு!

கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப்பெயர். சூலூர் அருகே கலங்கல் என்ற ஊரில் 1893 மார்ச் 23 அன்று பிறந்தார். சிறு வயதிலேயே அம்மாவை இழந்துவிட்டார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. வாத்தியார் மேல் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடினார் என்றுகூடச் சொல்வார்கள். (நீங்கள் அதையெல்லாம் செய்து பார்க்காதீர்கள்!) தோட்ட வேலை செய்துகொண்டே கிடைத்த தமிழ்ப் புத்தகங்களைத் தானாகப் படித்தார்.

ஒருநாள் அந்த ஊர்ப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அந்தக் காலத்தில் மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் தானாக ஓடும் வண்டி என்றால் எவ்வளவு பெரிய அதிசயம்! அது வழியிலேயே நின்றுவிட்டதாம். அதிகாரி கொஞ்சம் மண்ணெண்ணெயும் துணியும் வாங்கி, ஏதேதோ பாகங்களைக் கழற்றித் துடைத்து மாட்டினார். வண்டி மறுபடி ஓடியது. கூடி நின்ற எல்லோரும் வண்டி ஓடியதைப் பார்த்தார்கள். நாயுடுவின் மனம் மட்டும் கழற்றிய பாகங்களிலேயே நின்றுவிட்டது.

மண்ணெண்ணெயால் துடைத்ததும் வண்டி எப்படி ஓடியது என்று கேட்கிறீர்களா? பெட்ரோல் எஞ்சினுக்கு முக்கியமாக மூன்று வேண்டும்: பெட்ரோல், காற்று, ஒரு தீப்பொறி. பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து கொடுப்பது கார்புரேட்டர். தீப்பொறி கொடுப்பது ஸ்பார்க் பிளக். கார்புரேட்டரில் ஊசி முனை மாதிரி ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் தூசி அடைத்தாலே போதும், எஞ்சின் பட்டினி கிடக்கும். பிளக்கில் கரி பிடித்தால் பொறி வராது. அழுக்கைக் கரைக்க மண்ணெண்ணெய் நல்லது. மூன்றில் எது குறைகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

ஆனால் நாயுடுவுக்கு இதையெல்லாம் சொல்லித்தர யார் இருந்தார்கள்? ஒருவரும் இல்லை. எனவே ஒரு வண்டியைச் சொந்தமாக வாங்கிப் பிரித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். கையில் காசு ஏது? கோயம்புத்தூருக்குப் போய் ஹோட்டலில் சர்வர் வேலையில் சேர்ந்தார். காசைச் செலவழிக்காமல் சேர்த்தார். வருஷக்கணக்கில் சேர்த்த பணத்தில் 300 ரூபாய் கொடுத்து ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார். அந்தக் காலத்து 300 ரூபாய் சாதாரணமா என்ன!

வாங்கியவர் அதில் ஊர் சுற்றவில்லை. திருகாணி திருகாணியாகக் கழற்றினார். திரும்ப மாட்டத் தெரியாமல் போயிருந்தால் அத்தனை வருஷச் சம்பாத்தியமும் இரும்புக் குவியலாகத்தான் கிடந்திருக்கும். ஆனால் அவர் மாட்டிவிட்டார்! விரைவிலேயே வண்டிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஆகிவிட்டார்.

நடுவில் பஞ்சு வியாபாரம் செய்து கைப்பணத்தை இழந்தார். பிறகு ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயரின் கம்பெனியில் வேலை பார்த்தார். அவர் செய்த உதவியால் 1920ஆம் ஆண்டு ஒரே ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சியிலிருந்து பழநிக்கு அதை ஓட்டியவரும் அவரே. இருப்பது ஒரே பஸ். அது வழியில் நின்றால் பயணிகள் நடுரோட்டில், முதலாளிக்கு அன்றைய வருமானம் இல்லை. ஆனால் இந்த முதலாளிக்கு எஞ்சினின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியுமே! ஒரு பஸ் பலவாயிற்று. யு.எம்.எஸ். என்ற அவருடைய நிறுவனத்தில் 1933இல் 280 பஸ்கள் ஓடின.

சரி, ராஜபாளையம் ஜெனரேட்டர் என்ன ஆயிற்று? கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் சின்னக் கிண்ணம் ஒன்று உண்டு. அதில் ஒரு மிதவை. கிண்ணம் நிறைந்ததும் மிதவை மேலே எழும்பி, ஒரு ஊசியால் வழியை அடைத்துவிடும். உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை மூடுகிறதே, அதே வேலைதான். அந்த ஊசியில் ஒரு மணல் துகள் மாட்டிக்கொண்டாலும் வழி மூடாது. பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் ஒழுகும். வெளியே ஒழுகினால் தீ விபத்து ஏற்படலாம். உள்ளே அளவுக்கு மேல் போனால் பிளக் நனைந்து, எஞ்சின் கிளம்பவே கிளம்பாது. அதனால்தான் அந்த அண்ணன் பெட்ரோல் வரும் வழியை அடைத்துவிட்டு, ஒழுகலை முதலில் தேடினார். 

ஒரு விஷயம் குட்டீஸ்! பெட்ரோல் வாடை வந்தால் தீக்குச்சி, சுவிட்ச் எதையும் தொடாமல் விலகிப் போய்ப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்டவே கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளையே கொன்றுவிடும்.

ஜெனரேட்டரைச் சுழற்றினால் மின்சாரம் வரும். மின்சாரம் கொடுத்தால் சுழல்வது மோட்டார். அந்த மோட்டாரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1937இல், பாலசுந்தரம் நாயுடு என்பவருடன் சேர்ந்து கோயம்புத்தூரிலேயே தயாரித்தார் ஜி.டி. நாயுடு. இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் அது என்பார்கள். ராஜபாளையத்து மாந்தோப்பிலோ, திருவில்லிபுத்தூர் வயலிலோ கிணற்று மோட்டார் ஓடும்போது கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சப்பட்டை மாம்பழம் இன்னும் ருசிக்கும்!

மின்சாரமே இல்லாத வீட்டுக்கு என்ன செய்வது? மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி செய்தார்! பேட்டரியில் ஓடும் சவரக்கருவி, பழச்சாறு பிழியும் கருவி, ஏமாற்ற முடியாத ஓட்டுப்பதிவு இயந்திரம், 70 ரூபாய்க்கு ரேடியோ என்று அவர் செய்த பொருள்களின் பட்டியல் நீளும்.

1945இல் கோயம்புத்தூரில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாகப் பணமும் உழைப்பும் கொடுத்தார். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர் அங்கே முதல்வர் ஆனார்! கருவிகளைக் கையில் எடுத்துப் பழகினால் நாலு வருஷப் படிப்பை இரண்டே வருஷத்தில் முடித்துவிடலாம் என்பது அவர் கருத்து. அரசாங்கம் ஏற்கவில்லை. பதவியை விட்டு வெளியே வந்துவிட்டார். இரண்டு வருஷம் போதுமா என்பது எனக்கும் சந்தேகம்தான். ஆனால் எஞ்சினைத் தொடாமலே எஞ்சின் பாடம் படிக்க முடியுமா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி.

1952இல் இரண்டு பேர் போகக்கூடிய குட்டிக் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். ஆனால் அதைத் தயாரித்து விற்க அரசு லைசென்ஸ் தரவில்லை. தூசி அடைத்த கார்புரேட்டர் என்றால் அவரே கழற்றித் துடைத்திருப்பார். இது அவர் கையில் இல்லை. அந்தக் கார் கடைக்கு வராமலே போய்விட்டது.

1974 ஜனவரி 4 அன்று நாயுடு காலமானார். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. அதே சாலையில் 2025 அக்டோபரில் திறந்த, பத்து கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான். அடுத்த லீவில் கோயம்புத்தூர் போனால் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகச் சொல்லி அப்பாவிடம் கேளுங்கள்.