ஆட்சி போனது, சுவடிக்கட்டு நின்றது: யார் இந்த இரண்டாம் சரபோஜி?

லினக்ஸில் வேலை பார்ப்பவர்களுக்கு ‘டார்’ கட்டளை பழக்கம். ஆயிரம் கோப்புகளில் வேண்டியதை மட்டும் பொறுக்கி ஒரே மூட்டையாகக் கட்டும். ‘ஜீஜிப்’ அதைச் சுருக்கிவிடும். சுருக்குவதை விடுங்க, பொறுக்கிக் கட்டும் வேலை நம்ம ஊருக்குப் பழசு. ஓலையில் துளை போட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து, துணியில் சுற்றினால் சுவடிக்கட்டு. தஞ்சாவூரில் இதைப் பெரிய அளவில் சேர்த்தவர் இரண்டாம் சரபோஜி.

பிறந்தது 1777. மராட்டிய மன்னர் துளஜாவின் தத்துப்பிள்ளை. 1787-ல் துளஜா இறக்க, அரியணை அமர்சிங் கைக்குப் போச்சு. சிறுவனைக் காப்பாற்றிப் படிக்க வைத்தவர் ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ். 1798-ல் ஒருவழியாக முடிசூடினார். மறு வருஷமே ஒப்பந்தம்: டெல்டாவின் நிர்வாகம் மொத்தமும் கிழக்கிந்திய கம்பெனிக்கு. மன்னருக்கு மிஞ்சியது கோட்டை, ஆண்டுக்கு 1 லட்சம் பகோடா, நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு.

நெல் விளையும் மண்ணிலிருந்து வந்த அந்தப் பங்கில் ஒரு பகுதி புத்தகமாகவும் சுவடியாகவும் மாறியது. நாயக்கர் காலத்திலேயே தொடங்கிய அரண்மனை நூலகம்தான் சரஸ்வதி மகால். அதில் இவர் சமஸ்கிருதம், தமிழ், தெலுங்கு, மராத்திச் சுவடிகளைச் சேர்த்தார். ஐரோப்பியப் புத்தகங்களை வரவழைத்து ஆங்கிலத்தில் கையெழுத்தும் போட்டு வைத்தார். காசி யாத்திரை போனபோதும் சுவடி தேடுவது நிற்கவில்லை. கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளைக்கூட படத்தோடு எழுதி வைக்கச் சொன்னார். ராஜா செய்கிற வேலையா இது? வேறு வேலை கம்பெனி விட்டுவைக்கவில்லையே!

1832-ல் சரபோஜி இறந்தார். மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறக்க, கம்பெனி அரசையே எடுத்துக்கொண்டது. நூலகம் தப்பியது.

ஆனா கட்டி வைத்தால் மட்டும் போதுமா? ‘டார்’ மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதைப் பட்டியலாகப் பார்க்கலாம். சுவடிக்கு அந்த வசதி கிடையாது, யாராவது உட்கார்ந்து எழுதணும். இங்கே நீதிபதியாக இருந்த பர்னெல், சமஸ்கிருதச் சுவடிகளை வகைபிரித்து அச்சிட்ட அட்டவணை 1880-ல் வந்தது. 1918-ல் நூலகம் பொதுமக்களுக்குத் திறந்தது.

அரண்மனையின் அன்றாடக் கணக்கு வழக்குகள் தனி மூட்டை. அவை மராத்தி மொழியில், மோடி எழுத்தில் இருக்கின்றன. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்று ரொம்பக் கம்மி.