பகலில் வாக்கு இயந்திரம், இரவில் ஜீனோ: யார் இந்த சுஜாதா?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியத்துக்கு அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. அங்கே இறங்குகிற பலருக்கும் எம்.ஐ.டி. கேட் தெரியும். அந்த கேட்டுக்குள் 1950-களில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த ஒரு மாணவர்தான் தமிழில் ரோபோ நாயையும் ராக்கெட்டையும் வாரப் பத்திரிகைக்குள் கொண்டுவந்தவர். பெயர் எஸ்.ரங்கராஜன். வாசகர்களுக்கு சுஜாதா.

எங்கிருந்து வந்தார்?

1935 மே 3-ல் திருவல்லிக்கேணியில் பிறந்தார். அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை, அடிக்கடி ஊர் மாற்றல். அதனால் வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், பாட்டி வீட்டில். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு குரோம்பேட்டைக்கு வந்தார். அப்துல் கலாமும் இதே இரண்டு கல்லூரிகளில் அதே காலகட்டத்தில் படித்தவர்தான். கலாம் விமானப் பிரிவு, ரங்கராஜன் எலெக்ட்ரானிக்ஸ்.

எம்.ஐ.டி. 1949-ல் தொழிலதிபர் சி.ராஜம் தொடங்கிய கல்லூரி. சொந்த வீட்டையே விற்று அதற்குப் பணம் போட்டவர் அவர். அப்போது பி.எஸ்சி. முடித்தவர்கள் அங்கே சேர்ந்து மூன்று வருடம் படித்தால் இன்ஜினீயராக வெளியே வரலாம்.

படிப்பு முடிந்ததும் சிவில் ஏவியேஷன் துறையில் வேலை, பிறகு பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ். ஓய்வு பெறும்வரை அவருக்கு எழுத்து ஆபீஸ் முடிந்த பிறகான வேலைதான்.

மனைவி பெயரில் ஏன் எழுதினார்?

குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் எழுதிக்கொண்டிருந்தார். ஒரே பத்திரிகையில் இரண்டு ரங்கராஜன் என்றால் குழப்பம். அதனால் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். அந்தப் பெயர் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பெயருக்குச் சொந்தக்காரர் இரண்டு பையன்களை வளர்த்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வராமல் வீட்டில் இருந்தார். புனைபெயரின் இந்தப் பக்கத்தைப் பலரும் யோசிப்பதில்லை.

வாக்கு இயந்திரத்தில் அவர் பங்கு என்ன?

மின்னணு வாக்கு இயந்திரத்தை அவர் ஒருவரே கண்டுபிடித்ததாக அவ்வப்போது ஒரு தகவல் சுற்றும். அது சரியல்ல. ஹைதராபாத்தின் இ.சி.ஐ.எல்., பெங்களூருவின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என இரண்டு அரசு நிறுவனங்களும் அதில் இறங்கின. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பக்கத்து வேலையை மேற்பார்வை பார்த்த அதிகாரி இவர்.

இயந்திரம் சிக்கலானது இல்லை. பட்டன்கள் உள்ள பெட்டி ஒன்று, அதிகாரியிடம் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று, நடுவில் ஒரு கேபிள். அதிகாரி அனுமதித்தால் ஒருவர் ஒரு ஓட்டுதான் போட முடியும்.

1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. வழக்கு வந்தது. சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இயந்திரம் ஓடினால் மட்டும் போதாது, சட்டமும் மக்களின் நம்பிக்கையும் கூடவே வர வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 1988-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில்தான் நாடு முழுக்க இயந்திரம் வந்தது.

ஜீனோ ஏன் முக்கியம்?

அதே 1980-களில் ஆனந்த விகடனில் வந்த தொடர், என் இனிய இயந்திரா. கதை நடப்பது 2020-களின் தொடக்கத்தில். ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் இந்தியா. எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். குழந்தை பெற்றுக்கொள்ளவே அரசாங்கம் அனுமதி தர வேண்டும். அங்கே நிலா என்ற பெண்ணுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற ரோபோ நாய். புத்தகம் படித்துப் படித்து சொந்தமாக யோசிக்க ஆரம்பித்துவிடுகிறது அது. சோனியின் ஐபோ நாய் சந்தைக்கு வந்தது 1999-ல்தான்.

ஆனால் ரோபோ நாயை முன்கூட்டியே சொன்னார் என்பதோடு நிறுத்திவிட்டால் கதையின் பாதி போய்விடும். பகலில் மக்களாட்சிக்கு ஒரு இயந்திரம் செய்துகொண்டிருந்தவர், இயந்திரங்களை வைத்தே ஒரு நாட்டை அடக்க முடியும் என்று இரவில் எழுதினார். தொழில்நுட்பத்தைக் கொண்டாடவும் அதைச் சந்தேகப்படவும் ஒரே ஆளால் முடியும் என்பதுதான் அவர் காட்டியது.

பெற்றோருக்கு என்ன கிடைக்கும்?

ஜூனியர் விகடனில் அவர் எழுதிய கேள்வி-பதில் பகுதி, ஏன் எதற்கு எப்படி. வானம் ஏன் நீலமா இருக்கு என்பது மாதிரி வீட்டுல பசங்க கேட்கிற கேள்விகளுக்குப் பக்கத்து வீட்டு மாமா திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோல பதில் இருக்கும். ஃபார்முலா கிடையாது, பயமுறுத்தலும் கிடையாது. அறிவியலை மக்களிடம் கொண்டுபோனதற்காக 1993-ல் மத்திய அரசு விருது கொடுத்தது.

எல்லாம் இன்றைக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் பற்றி அவர் எழுதியதில் நிறைய பழசாகிவிட்டது. பழைய கதைகள் சிலவற்றில் பெண்களை வர்ணிக்கும் விதம் இப்போது படித்தால் உறுத்தும். பசங்களிடம் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை நாமே படித்துவிடுவது நல்லது.

2008 பிப்ரவரி 27-ல் சென்னையில் காலமானார். அவர் வசனத்தில் பங்களித்த எந்திரன் 2010-ல்தான் திரைக்கு வந்தது. ஏன், எதற்கு, எப்படி என்ற மூன்று கேள்விகளையும் இயந்திரத்திடமும் கேட்கலாம், ஆள்பவரிடமும் கேட்கலாம். செல்போனில் எதைக் கேட்டாலும் நொடியில் பதில் வந்துவிடும் காலத்தில் வளரும் குழந்தைக்கு முதலில் பழக்கிக்கொடுக்க வேண்டியது அதைத்தான்.