மகனுக்கும் பெஞ்சுதான்: ரஹீம் சாரின் கதை

2024-இல் வந்த 'மைதான்' இந்திப் படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அதில் வரும் காற்பந்துப் பயிற்றுநர் கற்பனை ஆள் இல்லை. ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம் அவர். 1909-இல் பிறந்தவர், பள்ளிக்கூட வாத்தியார். 1950 முதல் கண்மூடும்வரை ஹைதராபாத் நகரக் காவல்துறைக் குழுவைப் பழக்கினார். இந்தியக் குழுவும் அவர் கையில்தான்.

வாத்தியார் புத்தி அவரை விட்டுப் போகவே இல்லை. பையன்கள் ஒரே காலால் உதைக்கிறார்களா? பழகாத காலால் மட்டும் ஆடும் போட்டி வைத்துவிடுவார்! நான் சனிக்கிழமை பழக்கும் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தேன். முதல் நாள் திடல் முழுக்க ஒரே சிரிப்பு. மூணாவது வாரம் இடது காலிலிருந்து பந்து நேராகப் போச்சு.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம்ம ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடி, யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றார்கள். நாலே வருஷம். சப்பாத்து போட்ட குழு மெல்பர்னில் நாலாவது இடம் பிடித்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 1960 ரோம் ஒலிம்பிக்தான். அவர் மகன் ஹக்கீமும் அந்தக் குழுவில் இருந்தார். ஹங்கேரி, பிரான்ஸ், பெரு என மூணு ஆட்டம். மகன் ஒன்றில்கூட இறங்கவில்லை. பெற்ற அப்பாதான் பயிற்றுநர்! நம்ம தாமான் குழுக்களில் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்து இடம் கொடுக்கிற கதை உங்களுக்கே தெரியும். என் பையனும் என் குழுவில்தான் இருக்கிறான், அதனால் சொல்கிறேன்: அது லேசான காரியம் இல்லை. வீட்டில் சோறு இறங்காது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டமே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் எதிர்த்ததால் உள்ளூர் ரசிகர்களுக்கு இந்தியா மேல் கடுங்கோபம் வேறு. செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதி ஆட்டத்திலும் அதே கொரியா. அரங்கில் ஏறக்குறைய 1,00,000 பேர். தலையில் தையலோடு இருந்த தற்காப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசையில் நிறுத்தினார். வேறு யாருக்கு அந்தத் துணிச்சல் வரும்? பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். கோல் காத்தவர் தங்கராஜ், அவரும் ஹைதராபாத்தில் பிறந்தவர். 2-1, தங்கம்.

பத்து மாதம்கூட ஆகவில்லை, 1963 ஜூன் 11-ஆம் தேதி புற்றுநோய் அவரைக் கொண்டு போய்விட்டது. வயது 53.

ஹக்கீம் பிறகு விமானப்படை அதிகாரியானார், அனைத்துலக நடுவராகவும் இருந்தார். 1982 டில்லி ஆசிய விளையாட்டில் இந்தியக் குழுவின் பயிற்றுநர் ரஹீமின் மாணவர் பானர்ஜி. அவருக்குத் துணைப் பயிற்றுநராக இருந்தவர் ஹக்கீம்.