விடாமுயற்சி எடுத்த திரைப்படம்: ஏ.கே. செட்டியார்

நெய்வேலியில் வாழும் நமக்குப் பொறுமையின் பொருளைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணை அகற்றியும் நிலத்தடி நீரை இறைத்தும் நான்காண்டுகள் உழைத்த பின்னரே, 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அத்தகையதொரு தேடலைத் திரைக்கலையில் நிகழ்த்திக் காட்டியவர் ஏ.கே. செட்டியார்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911 நவம்பர் 4ஆம் நாள் பிறந்தவர் அண்ணாமலை கருப்பன் செட்டியார். இளமையிலேயே பர்மா சென்று, 'தனவணிகன்' இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றார்.

1937 அக்டோபர் 2, அண்ணலின் பிறந்த நாள். அன்று நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிக் கப்பலில் சென்றுகொண்டிருந்தார் செட்டியார். காந்தியடிகளின் வாழ்வை ஆவணப்படமாக எடுக்க வேண்டும் என்னும் எண்ணம் அங்கேதான் முளைத்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுகூட நிரம்பவில்லை. பெரும் பொருளோ படநிறுவனமோ அவர் கைவசம் இல்லை. படத்தின் நாயகரோ திரைப்படத்தில் சிறிதும் நாட்டமில்லாதவர். படக்கருவியின் முன் நடித்துக் காட்டக் கூடியவரும் அல்லர். ஆட்சியோ அந்நியருடையது.

எனவே, முன்னரே பிறர் எடுத்த படச்சுருள்களைத் தேடிப் புறப்பட்டார். நான்கு கண்டங்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார். முப்பது ஆண்டுக் காலத்தில் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்திருந்த காட்சிகளிலிருந்து 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். உலகப்போர் மூண்ட காலம் அது. அத்தனையையும் தேர்ந்து தொகுத்து, 12,000 அடி நீளமுள்ள படமாக்கினார். இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக ஓடக்கூடிய அப்படம், 1940 ஆகஸ்டு 23ஆம் நாள் சென்னை ராக்சி திரையரங்கில் தமிழில் வெளியாயிற்று. அத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1953இல் அதன் ஆங்கில வடிவம் அமெரிக்காவில் திரைகண்டது.

1943இல் தொடங்கிய 'குமரிமலர்' இதழையும் இறுதிக்காலம் வரை பேணி வளர்த்தார். பழைய இதழ்களில் மறைந்து கிடந்த அரிய எழுத்துகளை அதில் மறுபதிப்புச் செய்தார். தம்மைப் பற்றிப் பேசுவதை அறவே விரும்பாத அப்பெருமகனார் 1983இல் மறைந்தார்.

உலகெங்கும் சிதறிக் கிடந்த சுருள்களை ஒருவர் தேடித் தொகுத்தார். அவர் தொகுத்தளித்த மூலத் தமிழ்ப் படத்தையோ நாம் பாதுகாக்கத் தவறினோம். அவர் மறைந்து இருபதாண்டுகளுக்குப் பின்னரே, சுருக்கப்பட்ட ஆங்கில வடிவமொன்று அமெரிக்காவிலிருந்து கண்டெடுக்கப்பட்டது.

மாணவச் செல்வங்களே! ஒன்றைப் படைக்க விடாமுயற்சி வேண்டும். படைத்ததைக் காக்கவும் அதே விடாமுயற்சி வேண்டும். முன்னதைச் செட்டியார் செய்து முடித்தார். பின்னது நம் கடமை. உங்கள் இல்லத்துப் பழம்பெட்டியில் உறங்கும் ஓர் ஏட்டை, ஒரு நிழற்படத்தைத் தூசு தட்டி எடுத்து வையுங்கள். அதுவே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.