வ.உ.சி.யும் நாலாயிரம் மூட்டையும்



கப்பல் தொழிலைப் பற்றி மலருக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். கன்னிவாடியில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் புஞ்சைக் காடு. கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. 1870களின் நடுவிலேயே திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் போய்விட்டது. நம் பக்கத்துப் பருத்தியும் புகையிலையும் மாட்டு வண்டியில் ஸ்டேஷனுக்குப் போனால், அங்கிருந்து கடல் வரைக்கும் இரும்புப் பாதை. 1914இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை கொழும்புக்குப் போகிற ரயில் பயணியும் தூத்துக்குடிக்குப் போய்த்தான் கப்பல் ஏறினார். மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் ஜில்லா ஜனங்களிலும் எத்தனையோ பேர் அந்தத் துறையில்தான் கடைசியாகத் தாய்மண்ணை மிதித்தார்கள்.

அந்தத் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் விட்டவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1961இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் சிவாஜி செக்கிழுத்த காட்சியில் கண்ணீர் விடாத தமிழன் இருக்க மாட்டான். அவர் செக்கிழுத்தது எல்லோருக்கும் தெரியும். அவர் கப்பல் என்ன ஏற்றியது, எப்படி ஏற்றியது, அதில் லாபம் எங்கே, நஷ்டம் எங்கே என்று கேட்டால் பலரும் யோசிப்போம். சரக்கேற்றும் வேலையில் நாள் கழித்தவன் என்ற முறையில் அந்தப் பக்கத்திலிருந்து அவர் வாழ்க்கையைச் சொல்லிப் பார்க்கிறேன்.

வக்கீல் கப்பல் முதலாளி ஆன கதை

வ.உ.சி. பிறந்தது 1872 செப்டம்பர் 5. ஊர் ஒட்டப்பிடாரம். தந்தை உலகநாத பிள்ளை வக்கீல். தாயார் பரமாயி அம்மாள். பிள்ளையும் வக்கீல் பரீட்சை தேறினார். ஏழைகளின் கிரிமினல் வழக்குகளை எடுத்து நடத்திப் பேர் வாங்கினார். 1900இல் தூத்துக்குடிக்குக் குடிவந்தார்.

அங்கே அவர் கண்ணில் பட்டது என்ன? கடற்கரை முழுக்க நம் ஊர்ச் சரக்கு. அரிசி, பருத்தி, மிளகாய், கருப்பட்டி, ஆடு மாடு. எல்லாம் கொழும்புக்குப் போகிறது. வியாபாரி நம்மவர், தோணிக்காரர் நம்மவர், மூட்டை தூக்குகிறவர் நம்மவர். கப்பல் மட்டும் நம்முடையது இல்லை! பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது அந்தத் தடம். அந்தக் கம்பெனிக்குத் தூத்துக்குடி ஏஜெண்டு ஹார்வி கம்பெனி. கோரல் மில்லை நடத்தியதும் அதே ஹார்வி கம்பெனிதான். அதாவது பஞ்சு வாங்குகிற கையும், நூல் நூற்கிற கையும், கப்பல் ஏற்றுகிற கையும் ஒரே கை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1906 அக்டோபர் 16ஆம் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. குறித்த மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள், அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார். வ.உ.சி. உதவிச் செயலாளர். பதவிப் பெயர்தான் உதவி. ஓடியாடி வேலை பார்த்தது முழுக்க அவர்தான்.

நம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. லாபம் மட்டும் அந்தக் கம்பெனியின் நோக்கம் இல்லை. இந்தியர், இலங்கையர் முதலான ஆசிய நாட்டாருக்குக் கப்பல் செலுத்தவும் கட்டவும் கற்றுக்கொடுப்பதும் அதன் நோக்கங்களில் எழுதப்பட்டிருந்தது. இந்திய இளைஞர்களைக் கப்பல் அதிகாரிகளாகப் பயிற்றுவிக்க பம்பாயில் ‘டஃபரின்’ பயிற்சிக் கப்பல் வந்தது 1927இல். அதற்கு 21 வருஷம் முன்பே ஒரு தூத்துக்குடி வக்கீல் அதை யோசித்துவிட்டார்!

கடலில் நின்ற கப்பல், கரையில் நின்ற மூட்டை

முதலில் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி அழுத்தம் கொடுத்ததில் ஷா லைன் கப்பலைத் திரும்ப வாங்கிக்கொண்டது. உடனே கொழும்பிலிருந்து ஒரு பெரிய சரக்குக் கப்பலை வாடகைக்குப் பிடித்தார். சரக்குக்காரன் இதன் அருமை அறிவான். ஒரு வாரம் கப்பல் வராவிட்டால் வியாபாரி மூட்டையை வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார். அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார். ஒருமுறை போன வாடிக்கையைத் திரும்பப் பிடிப்பது லேசான காரியமா?

வாடகைக் கப்பலை நம்பிப் பயனில்லை என்று வ.உ.சி. பம்பாய்க்கே கிளம்பினார். வீட்டில் மகனுக்கு உடம்பு சரியில்லை, மனைவி கர்ப்பிணி. கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுவேன் என்று சபதம் செய்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். 1907இல் ‘காலியா’ கப்பல் தூத்துக்குடிக்கு வந்தது. ‘லாவோ’ என்ற இன்னொரு கப்பலும் சேர்ந்தது.

அந்தக் காலத் தூத்துக்குடியில் இன்றைக்கு இருப்பது போல் கப்பல் வந்து ஒட்டி நிற்கும் தளம் இல்லை. கடல் ஆழம் குறைவு. நீராவிக் கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டை, ஆள், ஆடு மாடு எல்லாம் தோணியிலும் படகிலும் போய்த்தான் ஏறணும். ஒரே சரக்குக்கு இரண்டு ஏற்று, இரண்டு அடுக்கு! கரையில் தோணிக்குள் ஒருதரம், நடுக்கடலில் கப்பல் ஹோல்டுக்குள் மறுதரம். அலையில் தோணி ஒரு பக்கம் ஏறும்போது கப்பல் விஞ்ச் மூட்டைக் கட்டைத் தூக்கினால் ஆள்மேல் விழும். தோணியின் தண்டலும் கப்பலின் மேற்பார்வையாளரும் ஒரே மூச்சில் வேலை செய்ய வேண்டும். ஆழ்துறைமுகம் வந்து, தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974இல்தான்.

அடுக்குவதிலும் சூட்சுமம் உண்டு. அரிசி காற்றோட்டம் கேட்கும். கப்பல் சுவரில் வியர்க்கிற நீர் பட்டால் கெட்டுப்போகும். அதனால் மூட்டைக்கும் இரும்புக்கும் நடுவே பலகையும் பாயும் வைப்பார்கள். கருப்பட்டி சூட்டில் கசியும். அதன் பக்கத்தில் அரிசி கூடாது. மிளகாய் நெடி மற்றதில் ஏறும். பஞ்சுப் பொதி பாரம் குறைவு, இடம் அதிகம் பிடிக்கும், ஒரு பீடித் துண்டு போதும் பற்றிக்கொள்ள. நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டியில் எதுக்குப் பக்கத்தில் எது என்று அம்மா வைப்பது போலத்தான், அளவு மட்டும் பெரிசு.

கப்பலை நிமிர்த்தி வைப்பது எது?

இந்தக் கப்பல்களின் கொள்ளளவு இப்படிச் சொல்லப்படுகிறது: முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர், சரக்கு 4,000 மூட்டை. 

ஒரு கணக்குப் போடுவோம். ஆளுக்கு 60 கிலோ என்றால் 1,300 பேர் 78 டன். மூட்டைக்கு 75 கிலோ என்று வைத்தால் 4,000 மூட்டை 300 டன். ஜனங்களைப் போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஜனங்கள் மேல் தட்டில் இருப்பார்கள். மூட்டை அடியில் கிடக்கும். பாரம் அடியில் இருந்தால் கப்பலின் ஈர்ப்பு மையம் தாழும். அலையில் சாய்ந்தாலும் நிமிரும். அடியில் ஒன்றும் இல்லாமல் மேலே 1,300 பேர் நின்று, அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க ஒரு பக்கம் ஓடினால் என்ன ஆகும்? தஞ்சாவூர் பொம்மையின் அடிக்களிமண்ணை எடுத்துவிட்ட கதைதான். சரக்கு இல்லாவிட்டால் அடியில் தண்ணீரோ மணலோ ஏற்ற வேண்டும். ஆனால் தண்ணீருக்கும் மணலுக்கும் யார் வாடகை தருவார்கள்?

மூட்டை குறையும்போது கப்பலின் நிதானமும் குறைகிறது, கம்பெனியின் நிதானமும் குறைகிறது. வ.உ.சி.யின் கப்பல் யுத்தத்தை இந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எதிர்க் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக, அதாவது 16 அணாவாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி 8 அணாவுக்கு இறங்கியது. எதிராளி ஒரே அடியாக இலவசம் என்றார். இலவசத்தோடு ஒரு குடையும் தந்தார்! குடைக் கதையைச் சொல்லி நாம் சிரிக்கிறோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். சாதாரண வகுப்பு முழுக்க நிரம்பினாலும் 1,300 பேருக்கு எட்டணா வீதம் 650 ரூபாய்தான். அதில் நிலக்கரி, மாலுமிச் சம்பளம், தோணிக்கூலி, துறைமுகக் கட்டணம். கப்பல் ஓடினாலும் செலவு, நங்கூரம் போட்டு நின்றாலும் செலவு. மூட்டை வாடகை இல்லாமல் இந்தக் கப்பலை ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. 1862இலிருந்து அந்தப் பெயரில் கடலெங்கும் கப்பல் விட்டுக்கொண்டிருந்த கம்பெனி ஒரு தடத்தின் நஷ்டத்தை மற்ற தடத்தில் எடுத்துக்கொள்ளும். இரண்டே கப்பல் வைத்திருப்பவர் எங்கே போய் எடுப்பது?

அப்படியும் கம்பெனி உடனே கவிழவில்லை. தூத்துக்குடி வியாபாரிகள் சுதேசிக் கப்பலுக்கு மூட்டை கொடுத்தார்கள், ஜனங்கள் காசு கொடுத்து ஏறினார்கள். வ.உ.சி. கடைகடையாய் ஏறி இறங்கிப் பேசியதன் பலன் அது. அவர் மேடையில் பேசியது தேசப்பற்று. அதன் நடைமுறைப் பலன் ஹோல்டில் சேர்ந்த மூட்டை.

தலைவர் சிறையில், கப்பல் ஏலத்தில்

1908 பிப்ரவரி 27இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். முன்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். தொழிலாளர் வென்றார்கள். முன்னே சொன்னேனே, மில்லும் கப்பல் ஏஜென்சியும் ஒரே கை என்று! ஒரே ஆள் அந்தக் கையைக் கடலிலும் பிடித்தார், கரையிலும் பிடித்தார். அதற்கு மேல் சர்க்கார் பொறுக்கவில்லை. மார்ச் 12ஆம் தேதி கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மொத்தம் 40 வருஷம். மேல்முறையீடுகளில் அது குறைந்தது. கோவை சிறையில் மாட்டுக்குப் பதில் செக்கிழுத்தார். பிறகு கண்ணனூர் சிறை.

வெளியே என்ன நடந்தது? மூட்டை சேர்க்க ஓடிய கால்கள் சிறையில். பங்குதாரர்கள் மனதில் பயம். கப்பல் பழையபடி நங்கூரத்தில் நின்றது, செலவு மட்டும் நிற்கவில்லை. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பலை எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கினார்களோ அந்தக் கம்பெனிக்கே விற்றுவிட்டார்கள். செக்கிழுத்த வலியைவிட இந்தச் செய்தி அவரை அதிகம் வாட்டியது என்பார்கள், நம்ப முடிகிறது.

1912 டிசம்பரில் விடுதலை. வரவேற்கப் பெரிய கூட்டம் இல்லை. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. கப்பல் கம்பெனி நடத்தியவர் சென்னையில் அரிசிக் கடையும் மண்ணெண்ணெய் வியாபாரமும் நடத்தினார். பிறகு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி சன்னது திரும்பக் கிடைக்க உதவினார். அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார். ஒரு வெள்ளைக்காரர் 40 வருஷம் கொடுத்தார், இன்னொரு வெள்ளைக்காரர் பெயரைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்! அவர் எதிர்த்தது மனிதர்களை அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. வறுமையிலும் தமிழை விடவில்லை; திருக்குறள் மணக்குடவர் உரையையும் தொல்காப்பியம் இளம்பூரணத்தையும் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் காலமானார்.

நமக்கு என்ன?

1919 ஏப்ரல் 5இல் சிந்தியா கம்பெனியின் ‘லாயல்டி’ கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய நாளைத்தான் நாடு கடல்வாணிப நாளாகக் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும், தப்பில்லை. அதற்கு 12 வருஷம் முன்பே காலியா வந்து நின்றதையும் நம் பிள்ளைகள் சேர்த்து நினைக்க வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. கன்டெய்னர் கப்பல்கள் அங்கே வந்து போகின்றன. பக்கத்தில் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தோணிகளும் போகின்றன. தண்டல் கண்ணளவில் அடுக்கும் கணக்கையும் கம்ப்யூட்டர் போடும் கணக்கையும் ஒரே ஊரில் பார்க்கலாம். மாணவத் தம்பிகள் ஒருதரம் போய்ப் பாருங்கள்.

சுதேசிக் கம்பெனி தோற்றது என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். கடலில் அது தோற்கவில்லை. ஹோல்டுக்கு மூட்டை வந்தவரை அது நிமிர்ந்தே நின்றது. 25 ரூபாய்ப் பங்கு ஒன்று வாங்கியவரும், கடைசி மூட்டையை வேறு கப்பலுக்குக் கொடுக்காமல் காத்திருந்த வியாபாரியும்தான் அதன் அடிபாரம். மேல்தட்டில் கொடி பறப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அடியில் கிடக்கும் மூட்டை தெரியாது. ஆனால் கப்பலை நிமிர்த்துவது அதுதான்.

நம் சங்கமும் ஒரு கப்பல்தான், நண்பர்களே. மேடையில் நாற்காலி சிலருக்கே கிடைக்கும். சந்தாவைத் தவறாமல் கட்டுகிறவர், படிக்க வசதியில்லாத ஒரு பிள்ளைக்கு பீஸ் கட்டுகிறவர், வேலை தேடி வரும் நம் கல்லூரிப் பையனுக்கு வெளியூரில் ஒரு வாரம் தங்க இடம் கொடுக்கிறவர் எல்லோரும் ஹோல்டில் இருக்கிறவர்கள். ஆளுக்கொரு மூட்டை கொண்டு வாருங்கள்.