வெடித்த வெள்ளி கண்ணாடியான கதை
ரசாயன மேதை லீபிக்கின் வாழ்க்கை

முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாத வீடு உண்டா? குடிசையில்கூட ஓர் ஆணியில் சின்னக் கண்ணாடி தொங்கும்.

ஒரு காலத்தில் கண்ணாடியின் முதுகில் பாதரசத்தைப் பூசினார்கள். முதலில் வெள்ளீயத் தகட்டைப் பரப்புவார்கள். அதன்மேல் பாதரசத்தை ஊற்றித் தேய்ப்பார்கள். பிறகு கண்ணாடியை வைத்து அழுத்துவார்கள். கண்ணாடி பளபளக்கும்.

ஆனால், அதைச் செய்த தொழிலாளியின் உடம்பு கெடும். பாதரசத்தின் ஆவி மூச்சோடு உள்ளே போகும். கை நடுங்கும். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். பல் ஆடும், விழும். ஜெர்மனியில் ஃபுர்த் என்ற ஊர் கண்ணாடித் தொழிலுக்குப் பெயர் போனது. அங்கே எத்தனையோ ஆண்களும் பெண்களும் இந்த விஷத்துக்குப் பலி ஆனார்கள்.

பாதரசம் இல்லாமல் கண்ணாடி செய்ய வழி காட்டியவர் ஒரு ரசாயனப் பேராசிரியர். அவர் பெயர் யுஸ்டுஸ் லீபிக்.

அவர் கண்ணாடி செய்யப் புறப்பட்டவர் அல்ல. ஒரு திரவத்தின் குணம் என்ன என்று பார்க்கப் போனார். போன இடத்தில் கண்ணாடி கிடைத்தது!

சந்தையில் பார்த்த வெடி

லீபிக் 1803-ம் ஆண்டு மே 12-ந் தேதி ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் வர்ணம், வார்னிஷ் முதலியவற்றைச் செய்து விற்கும் வியாபாரி. வீட்டை ஒட்டி ஒரு சிறு பட்டறை இருந்தது. பையனுக்கு விளையாட்டு இடம் அதுதான்.

ஒரு நாள் சந்தைக்கு ஊர் சுற்றும் வியாபாரி ஒருவன் வந்தான். பட்டாசு போல் வெடிக்கும் பொருளைச் செய்து காட்டினான். வெள்ளியையும் அமிலத்தையும் சாராயத்தையும் கொண்டு செய்த பொருள் அது. சிறுவன் லீபிக் கண் கொட்டாமல் பார்த்தான். வீட்டுக்கு ஓடிவந்து தானும் அதைச் செய்தான். வெடித்தது!

பள்ளிக்கூடப் படிப்பு அவனுக்கு ஏறவில்லை. பெரியவன் ஆனதும் என்ன ஆகப்போகிறாய் என்று ஆசிரியர் கேட்டார். ரசாயன நிபுணர் ஆவேன் என்றான் பையன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு உத்தியோகம் இருப்பதாக யாருக்கும் தெரியாது!

மகனை மருந்துக் கடை ஒன்றில் தொழில் பழகச் சேர்த்தார் தகப்பனார். அங்கும் பையன் நிலைக்கவில்லை. மாடி அறையில் வெடிமருந்து வெடித்ததால் முதலாளி விரட்டிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. தகப்பனாரால் பணம் கட்ட முடியவில்லை, அதனால்தான் திரும்பினான் என்றும் சொல்வார்கள்.

அந்தச் சமயம் ஜெர்மனியில் கடும் பஞ்சம். 1815-ல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசி உலகெங்கும் பரவி வெயிலை மறைத்தது. 1816-ல் ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. பயிர்கள் அழுகின. லீபிக்குக்கு அப்போது வயது 13.

பாரிசில் கிடைத்த குரு

பிறகு லீபிக் பான் நகரிலும் எர்லாங்கன் நகரிலும் படித்தார். அவருடைய திறமையைக் கேள்விப்பட்ட ஹெஸ்ஸ மன்னர் பண உதவி செய்தார். 1822-ல் லீபிக் பாரிசுக்குப் போனார்.

பாரிசில் கே-லுசாக் என்ற பெரிய விஞ்ஞானி இருந்தார். அவருடைய சோதனைச்சாலையில் லீபிக்குக்கு இடம் கிடைத்தது. சந்தையில் பார்த்த அதே வெள்ளி வெடியை இருவரும் ஆராய்ந்தார்கள். ஆராய்ச்சி வெற்றி பெற்றால் கே-லுசாக் சும்மா இருக்க மாட்டார். இளைஞர் லீபிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு சோதனைச்சாலையிலேயே நடனம் ஆடுவார்!

1824-ல் லீபிக் நாடு திரும்பினார். கீசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அப்போது அவருக்கு வயது 21.

சோதனைச்சாலையாக அவருக்குக் கிடைத்தது பழைய ராணுவக் காவல் கட்டடம். விஷப்புகை வரும் வேலைகளைத் தாழ்வாரத்தில் வைத்துத்தான் செய்ய வேண்டும். ஆயினும் அங்கே ஒரு புதுமை நடந்தது. அதுவரை பெரும்பாலும் ஆசிரியர் செய்து காட்டுவார், மாணவர் வேடிக்கை பார்ப்பார். லீபிக்கோ மாணவர்கள் கையிலேயே குடுவையைக் கொடுத்தார். பல நாடுகளிலிருந்து வாலிபர்கள் கீசனுக்கு வந்து குவிந்தார்கள்.

எதிரி நண்பர் ஆனார்

லீபிக் முன்கோபி. எழுத்தில் எதிரிகளை விளாசித் தள்ளுவார்.

ஃபிரெடரிக் வோலர் என்ற இன்னொரு ஜெர்மன் விஞ்ஞானி ஒரு வெள்ளி உப்பைச் செய்தார். அது வெடிக்காத சாது. ஆனால், அதில் உள்ள பொருள்களை எடை போட்டால், லீபிக்கின் வெள்ளி வெடியில் உள்ள அதே பொருள்கள், அதே அளவில்! இது எப்படி முடியும்? வோலர் தப்பாக எடை போட்டுவிட்டார் என்று லீபிக் சீறினார்.

கடைசியில் இருவரும் நேரில் சந்தித்தார்கள். மறுபடி சோதித்தார்கள். இருவர் கணக்கும் சரி! அதே அணுக்கள். ஆனால், அடுக்கிய முறை வேறு. ஒரே செங்கல்லால் கோவிலும் கட்டலாம், குதிரை லாயமும் கட்டலாம் அல்லவா? அதுபோலத்தான்.

அன்று முதல் இருவரும் உயிர் நண்பர்கள் ஆனார்கள். 1832-ல் வோலரின் மனைவி இறந்துபோனார். துக்கத்தில் மூழ்கிய நண்பரை லீபிக் கீசனுக்கு அழைத்துக்கொண்டார். வேலைதான் மருந்து என்று நினைத்தார். இருவரும் சேர்ந்து கசப்பு வாதுமை எண்ணெயை ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சி ரசாயன உலகில் புது வழியைத் திறந்தது. அந்த எண்ணெயும் ஓர் ஆல்டிஹைடுதான்!

ஆல்டிஹைடு என்றால் என்ன?

சாராயத்திலிருந்து ஹைட்ரஜனில் கொஞ்சத்தை எடுத்துவிட்டால் வேறொரு திரவம் கிடைக்கும். மூக்கைத் துளைக்கும் வாடை. தொட்டுப் பிடிப்பதற்குள் ஆவியாகிவிடும். 1835-ல் லீபிக் அதைச் சுத்தமாகப் பிரித்தார். ஹைட்ரஜன் நீக்கிய ஆல்கஹால் என்ற பொருள்படும் லத்தீன் சொற்களைச் சுருக்கி, ஆல்டிஹைடு என்று பெயர் வைத்தார்.

இந்தக் குடும்பம் பெரியது. லவங்கப்பட்டையின் மணமும் வெனிலாவின் மணமும் ஆல்டிஹைடுகள் தருபவையே.

ஆல்டிஹைடுக்குப் பங்காளி ஒருவன் உண்டு. அவன் பெயர் கீட்டோன். நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன் இந்த வகை. இரண்டிலும் கார்பனும் ஆக்சிஜனும் கைகோத்து நிற்கும். சில சமயம் அணுக்களின் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருக்கும். எடை போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வெள்ளி வெடிக்கும் வெள்ளி உப்புக்கும் வந்த அதே சிக்கல்!

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆல்டிஹைடில் அந்த ஆக்சிஜன் பிடித்த கார்பன் தெருக்கோடி வீடு. அதன் ஒரு பக்கத்தில் ஹைட்ரஜன்தான் காவல். அந்தப் பக்கமாக இன்னொரு ஆக்சிஜன் சுலபமாக நுழைந்துவிடும். கீட்டோனில் அது நடுவீடு. இரண்டு பக்கமும் கார்பன் சுவர். ஆக்சிஜன் லேசில் நுழைய முடியாது.

கண்ணாடி சொன்ன சாட்சி

லீபிக் இதை வெள்ளியைக் கொண்டு பார்த்தார்.

வெள்ளி உப்பான சில்வர் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். அதில் அம்மோனியா சேர்க்க வேண்டும். பிறகு ஆல்டிஹைடு சில சொட்டு விட்டு, மெல்லச் சூடு காட்ட வேண்டும். ஆல்டிஹைடு ஆக்சிஜனை ஏற்று அமிலமாக மாறும். அப்படி மாறும்போது உப்பில் இருக்கும் வெள்ளியை உலோகமாக ஆக்கிவிடும். அந்த வெள்ளி குழாயின் உட்சுவரில் படியும். சற்று முன் தண்ணீராக இருந்த குழாய், முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும்!

அசிட்டோனை விட்டால் ஒன்றும் நடக்காது. தண்ணீர் தண்ணீராகவே இருக்கும்.

இந்தச் சோதனைக்குச் சரியான முறையை 1882-ல் வகுத்துத் தந்தவர் பெர்ன்ஹார்ட் டாலன்ஸ். அவர் வோலரின் மாணவர். அதனால் அதற்கு டாலன்ஸ் சோதனை என்று பெயர்.

லீபிக்கின் மாணவர் ஃபெலிங் 1849-ல் இன்னொரு வழி கண்டார். அவருடைய திரவம் நீலம். அதில் இருப்பது செம்பு உப்பு. ஆல்டிஹைடு சேர்த்துக் காய்ச்சினால் செங்கல் நிறத்தில் வண்டல் இறங்கும். கசப்பு வாதுமை எண்ணெயோ வெள்ளிக்கு மசியும், ஃபெலிங்குக்கு மசியாது! திராட்சைச் சர்க்கரையும் ஆல்டிஹைடு குணம் உள்ளதுதான். ஆகவே, நீரிழிவுக்காரர்களின் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க இந்தத் திரவம் பயன்பட்டது.

வோலரின் மற்றொரு மாணவர் ஷிஃப். சாயம் போக்கிய ஒரு சிவப்புச் சாயத்தை அவர் பயன்படுத்தினார். ஆல்டிஹைடு பட்டால் நிறம் திரும்பி வரும். இப்படி இரண்டு நண்பர்களின் மாணவர்களே மூன்று சோதனைகளுக்கும் பெயர் கொடுத்தார்கள்.

பிள்ளைகள் இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. டாலன்ஸ் திரவத்தின் மிச்சத்தை வைத்திருந்தால், அது வெடிக்கும் வெள்ளியாக மாறிவிடும். சோதனைச்சாலையில்கூட அவ்வப்போது கலந்து, மிச்சத்தை உடனே அழித்துவிடுவார்கள்.

விற்காத கண்ணாடி

1852-ல் பவேரிய மன்னர் அழைப்பின்பேரில் லீபிக் மியூனிக் நகருக்குப் போனார். அங்கே ஒரு நாள் அரச குடும்பத்துக்கு முன் சோதனை செய்து காட்டினார். குடுவை வெடித்தது. அரச குடும்பத்தினருக்கே கண்ணாடித் துண்டு பட்டுச் சிறு காயம்! நல்ல வேளையாக யாருக்கும் பெரிய ஆபத்து இல்லை.

மியூனிக்கில் ஸ்டைன்ஹைல் என்ற தொலைநோக்கி நிபுணர் இருந்தார். வானத்தைப் பார்க்க நல்ல கண்ணாடி வேண்டும் என்றார். லீபிக்குக்குத் தம் பழைய வெள்ளிக் குழாய் நினைவுக்கு வந்தது. 1856-ல் கண்ணாடிக்கு வெள்ளி பூசும் முறையைத் திருத்தி அமைத்தார். ஆல்டிஹைடுக்குப் பதிலாகப் பாலில் உள்ள சர்க்கரையைச் சேர்த்தார். தொலைநோக்கிக்கு அருமையான கண்ணாடி கிடைத்தது.

வீட்டுக் கண்ணாடிக்கும் இதையே பயன்படுத்தினால் பாதரச விஷம் ஒழியுமே! அதற்காகத் தொழிற்சாலையும் ஏற்பட்டது. ஆனால், வியாபாரம் நடக்கவில்லை. வெள்ளிக் கண்ணாடியில் முகம் லேசான மஞ்சளாகத் தெரிந்தது. பழைய கண்ணாடிக்குப் பழகிய கண்களுக்கு அது பிடிக்கவில்லை. வாங்குகிறவர் முகத்தின் நிறத்தைப் பார்த்தார். செய்கிறவர் கை நடுங்குவதைப் பார்க்கவில்லை.

லீபிக்குக்குத் தோல்வி புதிது அல்ல. பயிருக்கு மண்ணிலிருந்து என்னென்ன உப்புகள் வேண்டும் என்று 1840-ல் புத்தகம் எழுதினார். உலகமே படித்தது. ஆனால், அவர் செய்த உரம் பலிக்கவில்லை. மழையில் கரைந்து போகாதிருக்க இறுக்கிச் செய்தார். அது பயிரின் வேருக்கும் கரையவில்லை! பின்னால் தம் தவறை உணர்ந்து கொண்டார்.

1873-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி மியூனிக்கில் லீபிக் காலமானார். வயது 69. அப்போதும் பாதரசக் கண்ணாடி ஒழியவில்லை. 19-ம் நூற்றாண்டின் கடைசியில்தான் வெள்ளிக் கண்ணாடி அதன் இடத்தைப் பிடித்தது. கண்ணாடித் தொழிலாளியின் கை நடுக்கமும் நின்றது.

கீசன் பல்கலைக்கழகம் இன்று லீபிக்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய பழைய சோதனைச்சாலை காட்சிசாலை ஆகிவிட்டது.

சந்தை வியாபாரியின் கையில் அதே வெள்ளி வெடியாயிற்று. லீபிக்கின் கையில் கண்ணாடியாயிற்று. பொருள் ஒன்றுதான். அதை எதனோடு சேர்க்கிறோம் என்பதில் இருக்கிறது எல்லாம்.