எலும்பு முறிவு வைத்தியர் ஹியூ ஓவன் தாமஸ்

பின்னல் இயந்திரங்கள் இரவும் பகலும் ஓயாது சுழலும் திருப்பூர்ப் பகுதியில் வளர்ந்த நமக்குத் தொழிலாளியின் காலே அவன் குடும்பத்தின் சோறு என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மோட்டார் சைக்கிளினின்று விழுந்து தொடையெலும்பு முறிந்தவனை மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் நாட்டு வைத்தியரிடம் கொண்டு செல்வதோ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதோ என்னும் வழக்கு நம் இல்லங்களில் இன்றும் எழுவதுண்டு. கைப்பழக்கமும் நூற்கல்வியும் தம்மிடத்தே ஒன்றுகூடப் பெற்ற பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஹியூ ஓவன் தாமஸ் 1834-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டைச் சார்ந்த ஆங்கில்சி தீவில் பிறந்தார். அவர் குலத்தார் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டுவோர். தந்தையார் ஈவன் தாமஸ் லிவர்ப்பூல் நகரில் அத்தொழிலால் பெரும்புகழ் எய்தினார்; ஆயினும் பட்டம் பெறாதவராதலின் வழக்கு மன்றத்தில் பன்முறை நிற்க நேர்ந்தது. தம் மைந்தர்க்கு அவ்விழிவு நேரலாகாதெனக் கருதி ஐவரையும் வைத்தியக் கல்வி பயில்வித்தார்.

எடின்பரோவிலும் லண்டனிலும் பயின்று 1857-இல் தகுதி பெற்ற ஹியூ, தந்தையுடன் சிலகாலம் உழைத்துக் கருத்து வேறுபாட்டால் பிரிந்தார். பெரிய ஆஸ்பத்திரி எதிலும் அவர் பதவி வகித்ததில்லை. துறைமுகக் கூலிகளும் மாலுமிகளுமே அவரை நாடி வந்தனர். ஞாயிறுதோறும் ஏழைகட்குக் கூலி பெறாது வைத்தியம் செய்தார். கொல்லரையும் தோல் வேலைக்காரரையும் தம்மிடத்தே அமர்த்திக் கட்டுக் கருவிகளைச் செய்வித்தார்.

அவற்றுள் தலையாயது அவர் பெயரால் வழங்கும் தாமஸ் கட்டு. தொடையெலும்பு முறியின், வலிய தசைகள் முறிந்த முனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இழுக்கும், கால் குறுகும், உள்ளே ஒரு லிட்டருக்கு மேலும் குருதி பெருகக்கூடும். தொடையின் அடியிற் பொருந்தும் தோல் போர்த்த வளையமும், காலின் இருமருங்கும் ஓடிக் கீழே கூடும் இரும்புக் கம்பியுமே அக்கருவி. பாதத்தை இழுத்து அதன் நுனியிற் கட்டினால் எலும்பு நேர்நின்று அசையாதிருக்கும். முழங்கால் நோய்க்கென அமைத்ததே முறிவுக்கும் உதவியது. இடையறாத நெடிய ஓய்வே மருந்தென்பது அவர் கொள்கை. காலை வெட்டியெறிய அவர் எளிதில் இசையார்.

1891-இல் அவர் மறைந்தபோது ஏழைத் தொழிலாளர் திரள் திரளாக வந்து கண்ணீர் சொரிந்தனர். ஆனால் வைத்திய உலகம் அவர் பெருமையை முற்றும் உணரவில்லை. 1914-இல் மூண்ட மகாயுத்தமே அதனை உணர்த்தியது. குண்டடியால் தொடை முறிந்த வீரருள் நூற்றுக்கு 80 பேர் மாண்டனர் என்பர். அவருடைய மாணாக்கரும் உறவினருமான ராபர்ட் ஜோன்ஸ் இக்கட்டினை வற்புறுத்திப் பரப்பினார். போர்க்களத்திலேயே அதனைக் கட்டும் வழக்கம் வந்தபின் அத்தொகை 20-க்கும் குறைந்ததாகக் கூறுவர்.

1940-இல் ஜெர்மானியரான குன்ட்ஷர் எலும்பினுள்ளே உலோகத் தண்டு செலுத்தும் முறையை வெளியிட்டார். இந்நாளில் அம்முறையே சிறந்து விளங்குதலின், முறிவுற்றோர் மாதக்கணக்கிற் படுக்கையிற் கிடவாது விரைவில் எழுந்து நடக்கின்றனர். எனினும் அறுவைக்கு முன் காலை நிலைநிறுத்தத் தாமஸ் கட்டு இன்றும் உதவுகின்றது.

ஆதலின் நம் இல்லத்து வழக்கிற்கு இச்சரிதமே விடை பகரும். தொடை முறிந்தவனைப் புரட்டாது, காலை அசையாவண்ணம் கட்டி, காலந்தாழ்த்தாது ஆஸ்பத்திரி சேர்ப்பதே கடன். ஆயினும் நாட்டு வைத்தியன் கையை இகழற்க. அக்கையின் நுட்பத்தைக் கல்வியால் திருத்தியவரே, எண்ணிறந்த ஏழையரை மீண்டும் நிமிர்ந்து நடக்கச் செய்தார்.